புதுப்பிப்பு: விற்பனைக்கு முன் சுவரில் உப்புப் பூத்த பிரச்சினை தீர்ந்தது

கோபிசெட்டிபாளையத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டை விற்கும் முன், சமையலறைச் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து வர்ணம் உரிவதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது பாலிதீன் தாள் சோதனைதான். அதைச் சொன்ன பொள்ளாச்சி அண்ணாவுக்குத் தனி நன்றி. தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி மறுநாள் பார்த்தபோது, சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது என்பது அதனால் உறுதியானது. ஆனால் நாங்கள் சந்தேகித்த குழாயில் கசிவே இல்லை. வெளிப்புறத் துவைக்கும் கல்லிலிருந்து வழிந்த தண்ணீர்தான் சுவரோரம் தேங்கி உள்ளே ஊறியிருக்கிறது. கொத்தனார் அங்கே சுவரிலிருந்து விலகிச் சரியும்படி வாட்டம் கொடுத்துச் சிமெண்ட் தளம் பூசி, தண்ணீரைத் தென்னைமரப் பாத்திக்குத் திருப்பிவிட்டார்.

உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தே எடுக்க வேண்டும். கழுவினால் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். நீர்புகா பெயிண்ட்டை நேராக மேலே அடிக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. ஈரத்தை உள்ளே அடைத்து வாங்குபவரிடம் ஒப்படைப்பது முறையல்ல. சுவர் நன்றாகக் காய்ந்து, தாளை மீண்டும் ஒட்டியும் துளி காணாத பிறகே, உதிர்ந்த பூச்சைச் செதுக்கிப் பூசி, பட்டி, பிரைமர், பெயிண்ட் என்று வரிசையாக முடித்தோம்.

போர்வெல் தண்ணீரால் குழாய்களில் படிந்த வெள்ளைக் கறைக்கு வினிகர் போதுமானதாக இருந்தது. மொசைக் தரையில் மட்டும் அது படக்கூடாது. அமிலம் அதன் சலவைக்கல் துண்டுகளை அரித்து மெருகைப் போக்கிவிடும்.

வீடு பார்க்க வந்தவர் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்து விசாரித்தார். நடந்ததைச் சொல்லி, வெளியே போட்ட வாட்டத்தையும் காட்டினேன். முன்பணம் பேசி முடிந்துள்ளது.