பைத்தியம் எல்லாம் இல்லை, ஆனால் முடியவில்லை. கடலூர், பாண்டி பக்கம் யாரைப் போய்ப் பார்ப்பது?

ஏழரை_மணி_பஸ் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வந்து போகிறவள், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வயது 37. வீடு கடலூரில், தென்பெண்ணைக் கரைக்குப் பக்கம். வேலை பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், கணக்குப் பிரிவு. வீட்டுக்காரர் குவைத்தில். மகள் ஆறாவது படிக்கிறாள். மாமியார் போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார்கள். நல்ல மனுஷி, அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால் ஒன்றைக் காட்டிச் சொல்லத் தெரியவில்லை, அதுதான் சிக்கலே. சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லை, அடிக்கிற புருஷன் இல்லை. ஆனால் போன திங்கட்கிழமை மகளின் டிபன் பாக்ஸ் மூடி சரியாக மூடவில்லை என்பதற்காக அதைச் சுவரில் விட்டெறிந்தேன். அவள் அழவில்லை. ஒன்றும் பேசாமல் போய் எடுத்து, கழுவி, மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்கு முந்தின வாரம் டெஸ்ட் பேப்பரில் கையெழுத்து வாங்க வந்தவள் வாசல்படியிலேயே நின்று "அம்மா, இன்னைக்கு நல்லா இருக்கியா, நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இன்னொன்று. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து எங்கள் தெரு மூழ்கியது, மாமியாரைப் பக்கத்து வீட்டு மாடிக்கு நாற்காலியோடு தூக்கிப் போனோம். அதிலிருந்து ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து போய் வாசலில் டார்ச் அடித்துத் தண்ணீர் மட்டம் பார்க்கிறேன். சித்திரை மாசத்துத் தூறலுக்கும் பார்க்கிறேன்.

கேட்க நினைப்பது இதுதான்: என்னைப் போன்ற ஆட்கள் இதற்கெல்லாம் டாக்டரிடம் போவார்களா? போனால் யாரிடம்? அங்கே என்ன செய்வார்கள்? ஆபீசுக்குத் தெரியுமா? மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்களா? எனக்குத் தூங்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

—

பலாத்தோப்பு எழுதியது:

அம்மா, நான் பண்ருட்டிப் பக்கம், வயது 66. தப்பாக நினைக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30, தானே புயலில் எங்கள் முந்திரியும் பலாவும் ஒரே ராத்திரியில் வேரோடு போனது. என் அப்பா வைத்த மரங்கள். நாங்கள் எந்த டாக்டரிடம் போனோம்? சமாளித்தோம். உங்கள் மாமியார் காலத்தில் ஆளுக்கு ஆறு பிள்ளைகள் வளர்த்தார்கள். காலையில் கொஞ்சம் நடங்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை சில்வர் பீச் கூட்டிப் போங்கள், பாடலீஸ்வரர் கோயிலில் அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். தானாகச் சரியாகும். டாக்டரிடம் போனால் இல்லாத வியாதிக்கும் ஒரு பேர் வைத்துவிடுவார்கள்.

—

வில்லியனூர்_வாசி எழுதியது:

ஐயா சொல்வதில் நடையும் கோயிலும் சரி, அதை மறுக்கவில்லை. "தானாக" என்பதில்தான் எனக்குச் சண்டை.

அக்கா, நான் ஷிஃப்ட் வேலை. போன வருஷம் இதே நிலைமையில் இருந்தேன், என் விஷயத்தில் டிபன் பாக்ஸ் இல்லை, ஹாரன். சிக்னலில் பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் இறங்கிச் சண்டைக்குப் போவேன். ஒரு நாள் இந்திரா காந்தி சிலைப் பக்கம் என் அப்பா வயசு ஆள் ஒருவரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். மறுநாள் வெட்கத்தில் வேலைக்கே போகவில்லை.

முதலில் போன இடம் சரியில்லை. ஊர் பேர் எதுவும் வேண்டாம். பலகையில் ஆலோசனை மையம் என்றிருந்தது, உள்ளே போனால் முக்கால் மணி நேரம் அவர்தான் பேசினார், எனக்கு ராசி என்ன என்று கேட்டார், பாசிட்டிவாக நினையுங்கள் என்றார், ஆயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டார். அதோடு விட்டிருப்பேன். அண்ணிதான் விடாமல் இன்னொருவரிடம் அனுப்பினார்.

அந்த இரண்டாவது ஆள் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அந்த அம்மா எனக்கு ஒரு அறிவுரை கூடச் சொல்லவில்லை, முதல் நாள் எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை மணிக்கணக்கில் எழுதச் சொன்னார். டீ எத்தனை, சாப்பாடு எப்போது, எத்தனை மணிக்குத் தூங்கினேன். ஒன்பது டீ. மதியச் சாப்பாடு நாலரைக்கு. தூக்கம் நாலு மணி நேரம். பிறகு கோபம் வந்த இடங்களில் எல்லாம் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். எல்லாப் புள்ளியும் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் விழுந்தது! பசியில் இருந்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை, பசிக்கு அடியில் கடன் இருந்தது, கடனுக்கு அடியில் அண்ணனோடு பேசாமல் இருந்தது. ஆறு வாரம், வாரம் ஒரு தடவை, ஐம்பது நிமிஷம் போனேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுப்பாடம் உண்டு. எனக்கு உதவியது ஒன்று சொல்கிறேன்: கவலைக்கு நேரம் ஒதுக்குவது. சாயங்காலம் ஆறரையிலிருந்து ஆறு ஐம்பது வரை உட்கார்ந்து நோட்டில் கவலைகளை எழுத வேண்டும். மற்ற நேரத்தில் ஏதாவது தலையைத் தூக்கினால் "ஆறரைக்கு வா" என்று சொல்ல வேண்டும். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். எழுதியதில் என்னால் ஏதாவது செய்ய முடிகிறவற்றுக்கு அடுத்த ஒரு வேலை மட்டும் எழுதணும், செய்ய முடியாததற்குக் கோடு போட்டுவிடணும். நாலாவது வாரத்தில் இருபது நிமிஷத்துக்கு எழுத விஷயம் இல்லாமல் கரண்ட் பில் பற்றி எழுதினேன்.

மாத்திரை எனக்குத் தரவில்லை, சைக்காலஜிஸ்ட் தரவும் முடியாது. எனக்கு ஒரு தடவைக்கு எண்ணூறு ரூபாய் ஆனது.

பலாத்தோப்பு ஐயா, ஒன்று கேட்கலாமா? தானேவுக்கு அப்புறம் சமாளித்தோம் என்கிறீர்களே, எப்படிச் சமாளித்தீர்கள்? குதர்க்கம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

—

ஓ.பி._சிஸ்டர் எழுதியது:

அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், பதினெட்டு வருஷ சர்வீஸ், அதில் மூன்று வருஷம் மனநலப் பிரிவில். நான் டாக்டர் இல்லை. ஆனால் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தவள்.

முதலில் உன் பயத்துக்குப் பதில் சொல்கிறேன் கண்ணு. உன்னைப் போன்றவர்கள்தான் நிறைய வருகிறார்கள். கணக்கு டீச்சர், மீன் விற்கிற அக்கா, போலீஸ்காரர், பிளஸ் டூ பிள்ளைகள். சங்கிலியைப் பிடித்து இழுத்து வருகிற சினிமாக் காட்சியை மறந்துவிடு.

யார் யாரைப் பார்ப்பது என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேல்படிப்பு படித்த டாக்டர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாக வேலை செய்கிறவர், அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கூசாமல் கேள், நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். ஆலோசகர் என்ற பலகையை நடைமுறையில் எவர் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள், வில்லியனூர் தம்பி மாட்டியது அங்கேதான். அதற்காக ஆலோசகர் எல்லோரும் மோசம் என்று அர்த்தம் இல்லை, படிப்பு என்ன என்று கேட்டுக்கொள்.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தில் கடலூர் மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரியிலேயே (ஜி.எச்.) பார்க்கலாம். பாண்டியில் வேலை என்பதால் ஜிப்மர் மனநலத் துறையும் உண்டு, ஆனால் கோரிமேட்டில் காலையிலேயே போய்ச் சீட்டு போட வேண்டும், அரை நாள் லீவு கணக்கில் போ. எங்கேயும் போக முடியாத ராத்திரியில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி போன், எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கினது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சாகப் போகிறவர்கள் மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, போனவுடன் ரத்தம் எடுக்கச் சொன்னால் ஆச்சரியப்படாதே. தைராய்டு, ரத்தசோகை இரண்டும் எரிச்சலும் அசதியும் கொடுக்கும், பெண்களுக்கு ரொம்பவே பார்க்கிறோம். இன்னொன்று, தூக்கம் வரவில்லை என்று தெரு முனை மெடிக்கலில் போய் "தூங்குற மாத்திரை" கேட்டு வாங்காதே. அல்பிரசோலம் மாதிரியானவை சீக்கிரம் பழகிவிடும், விடுவதும் கஷ்டம். டாக்டர் எழுதுகிற மனச்சோர்வு மாத்திரை வேறு ஜாதி. அது தூங்க வைக்க அல்ல, வேலை செய்யவே சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிறதே என்று நடுவில் சட்டென்று நிறுத்தக் கூடாது. உனக்கு மாத்திரை தேவையா என்பதே பார்த்த பிறகுதான் தெரியும், நிறைய பேருக்குத் தேவைப்படுவதில்லை.

மழைக்கு எழுந்து போவதைச் சொன்னாயே, அதை டாக்டரிடம் முதலிலேயே சொல். டிபன் பாக்ஸைப் பிறகு சொல்லலாம். ஒருமுறை தண்ணீர் வாசலுக்கு வந்த வீட்டில் காவல்காரன் வேலையை மூளை விடுவதில்லை, சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் காற்று பலமாக அடித்தாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இதற்கென்று பழக்குகிற முறைகள் இருக்கின்றன. சாகலாம் என்ற நினைப்பு எப்போதாவது தலைகாட்டினால் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காதே, அன்றைக்கே வா.

—

நெய்வேலி_பாய்லர் எழுதியது:

ஆபீஸ் பயத்துக்கு மட்டும் என் இரண்டு பைசா. நீங்களாகச் சொல்லாமல் டாக்டர் உங்கள் முதலாளியிடம் சொல்லக் கூடாது, 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலேயே ரகசியம் காக்கும் உரிமை இருக்கிறது. லீவு லெட்டரில் "மருத்துவப் பரிசோதனை" என்று எழுதினால் போதும், எந்தப் பரிசோதனை என்று நம் ஊரில் யார் கேட்கிறார்கள். இன்சூரன்சும் மனநலத்தைச் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் நிறைய பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கொடுக்கும், வாரா வாரம் போய்ப் பேசுகிற செலவு அதில் வராது. பாலிசித் தாளைப் படித்துவிட்டு நம்புங்கள்.

—

பலாத்தோப்பு எழுதியது:

வில்லியனூர் தம்பி கேட்டதற்கு நேற்றே பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை அழித்தேன்.

உண்மையைச் சொன்னால், தினமும் சாயங்காலம் குடிக்க முள்ளோடை எல்லை தாண்டிப் பாண்டிக்குப் போனேன். அங்கே விலை குறைவு. இரண்டு வருஷம் அப்படி. விழுந்த மரத்தை விறகுக்கு வெட்டிப் போகிற சத்தம் காதில் விழக் கூடாது என்றுதான் முதலில் போனது. என் மனைவி மூன்று ஏக்கரிலும் கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, என்னையும் பார்த்துக்கொண்டாள். அவள் எப்படிச் சமாளித்தாள் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

அந்த அம்மா என் முதல் பதிலை மன்னிக்க வேண்டும். நடை பற்றிச் சொன்னது மட்டும் நிற்கட்டும்.

—

ஏழரை_மணி_பஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாள் கழித்து வருகிறேன். ஐயா, மன்னிப்பெல்லாம் எதற்கு, உங்கள் பதிலை பஸ்ஸில் கன்னியக்கோவில் தாண்டும்போது படித்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலில் 14416க்கு மொட்டை மாடியில் நின்று போன் செய்தேன். எடுத்தவுடன் எனக்குப் பேச்சே வரவில்லை, அந்தப் பெண் "பரவாயில்லை, நேரம் எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். டிபன் பாக்ஸ் வரைக்கும் சொன்னேன். நேரில் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது என்றார். மாமியாரிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். "போயிட்டு வா, நான் குக்கர் வைக்கிறேன்" என்றார்கள், அவ்வளவுதான். நான் ஒரு வாரமாக அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்!

ஜி.எச்.சில் பார்த்தார்கள். சிஸ்டர் அக்கா சொன்னபடி மழையை முதலில் சொன்னேன். தைராய்டு அளவு கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, அதற்கு மாத்திரை. மனசுக்கு இப்போதைக்கு மாத்திரை இல்லை, வாரம் ஒரு நாள் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வார வீட்டுப்பாடம்: மழை வந்தால் உடனே எழுந்து போகாமல் பத்து நிமிஷம் தள்ளிப் போட்டு, அந்தப் பத்து நிமிஷத்தில் பயம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை ராத்திரி மழை. எட்டில் ஆரம்பித்து ஒன்பதுக்கு ஏறி, அப்புறம் ஆறு. பத்தாவது நிமிஷம் போய்ப் பார்க்கத்தான் செய்தேன். வாசல் காய்ந்துதான் இருந்தது, தாழ்வாரத்தில் பூனை படுத்திருந்தது.

மகளிடம் இன்னும் ஒன்றும் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று அடுத்த வாரம் கேட்க வேண்டும்.

—

பலாத்தோப்பு எழுதியது:

சந்தோஷம் அம்மா. அங்கே சீட்டு போட எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும்? ஆதார் கேட்பார்களா? பண்ருட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தால் சரியாக இருக்குமா?