ஆர்.ஆர்.ஜி. வரைபடமும் செவ்வாய்ப்பேட்டை மாமாவும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் என் மாமாவுக்கு, ஆர்.ஆர்.ஜி. (Relative Rotation Graph) எனப்படும், பங்குகளையும் துறைகளையும் ஒரு சந்தைக் குறியீட்டோடு ஒப்பிட்டுக் காட்டும் சுழற்சி வரைபடத்தை விளக்கிய அனுபவத்தை உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

யூலியஸ் டி கெம்பனார் உருவாக்கிய இவ்வரைபடம் 2011 முதல் புளூம்பெர்க் நிறுவனத்தின் சந்தைத் தகவல் திரைகளில் இடம்பெற்று வருகிறது. ஒவ்வொரு பங்கும் அல்லது துறையும் இதில் ஒரு புள்ளி. கிடை அச்சு, அளவுகோலாக வைத்த குறியீட்டோடு ஒப்பிட்ட வலிமையையும், செங்குத்து அச்சு அவ்வலிமையின் வேகத்தையும் காட்டும்; இரண்டும் 100 என்ற அளவில் வெட்டிக்கொள்வதால் நான்கு கட்டங்கள் உண்டாகின்றன. வலப்புறம் மேலே முன்னணி, அதன் கீழே தளர்வு, இடப்புறம் கீழே பின்தங்கல், அதன் மேலே மீட்சி என்று புள்ளிகள் பெரும்பாலும் கடிகாரச் சுற்றில் நகரும். கடந்த வாரங்களின் தடம் வாலாகத் தொடரும்.

2020 மார்ச்சில், ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 50 ஏறத்தாழ 23 சதவீதம் சரிந்த காலத்தை எடுத்துக்காட்டியபோது, மருந்துத் துறையின் புள்ளியைத் தொட்டு மாமா, "ஏன் மாப்ளே, வலது பக்கம் போறதோட விலையும் இறங்கித்தானே இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. நிஃப்டியைவிடக் குறைவாக விழுந்தாலும் புள்ளி வலப்புறம் நகரும். பணம் பெருகியதா என்பதை இப்படம் சொல்லாது.

அவருக்குத் தங்க–வெள்ளி விகிதம் (தங்க விலை வெள்ளி விலையைப்போல் எத்தனை மடங்கு என்பது) பழக்கமானது என்பதால் அதன் வழியே விளக்கினேன். அதே மார்ச்சில் 120ஐத் தாண்டிய அவ்விகிதம் ஆகஸ்டில் 70ஐ ஒட்டி இறங்கியது. அதாவது, தங்கமும் ஏறிய அம்மாதங்களில் வெள்ளி அதைவிட வேகமாக ஏறியது. "இதைத்தானே நாங்க தினமும் கணக்குப் போடறோம்" என்று சிரித்தார்.

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே இங்கே பாதி விடை என்பது என் கருத்து. நம் சேலம் இரும்பாலையை நடத்தும் செயில் நிறுவனத்தின் பங்கு, நிஃப்டி 50க்கு எதிரே முன்னணியில் நிற்கும் வாரத்திலேயே, உலோகத் துறைக் குறியீடான நிஃப்டி மெட்டலுக்கு எதிரே பின்தங்கலில் நிற்கக்கூடும். உலோகத் துறை முழுவதும் ஏறும்போது அதில் சற்று மெதுவாக ஏறும் பங்குக்கு இந்நிலை வரும். ஆகவே துறையைத் தேர்ந்தெடுக்க ஒரு படமும், துறைக்குள் பங்கைத் தேர்ந்தெடுக்க மற்றொன்றும், பக்கத்திலேயே சாதாரண விலை வரைபடமும் வைத்துக்கொள்கிறேன். தினசரித் தரவில் வால்கள் நூல்கண்டு போலச் சிக்கிக்கொள்வதால், வாரத் தரவையே பயன்படுத்துகிறேன்.

சிறு நிறுவனப் பங்குகளுக்கு நிஃப்டி 500ஐ அளவுகோலாக வைப்பவர்கள் இருந்தால், தங்கள் அனுபவத்தையும் எழுத வேண்டுகிறேன்.