அப்பா அம்மாவுடன் பெரு நாட்டுப் பயணம்: உயரம், சைவச் சாப்பாடு, விசா பற்றிப் போனவர்கள் சொல்லுங்களேன்

டல்லாஸ்வாசி:

வணக்கம் மக்களே. ஜூன் கடைசி வாரம் டல்லாஸிலிருந்து பெரு போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (67, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார்), அம்மா (63, முட்டைகூடத் தொடமாட்டார்). பையனைத் தவிர எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். எனக்கு அமெரிக்க எச்1பி வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த எச்4, அப்பா அம்மாவுக்குப் பத்து வருட பி2 சுற்றுலா விசா.

இப்போதைக்குத் திட்டம் இதுதான்: சனி இரவு லிமா, ஞாயிறு காலை விமானத்தில் குஸ்கோ, திங்கள் மாச்சு பிச்சு (அந்தப் பழைய இன்கா நகரம்), செவ்வாய் அந்த வானவில் மலை, புதன் கிளம்பிவிடுவோம். மனைவிக்கு வானவில் மலை கண்டிப்பாக வேண்டுமாம், போட்டோவெல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள். விசா தனியாக வாங்க வேண்டுமா? உயரத்தில் மூச்சு முட்டும் என்கிறார்களே, அப்பாவுக்குச் சரிப்படுமா? அம்மா என்ன சாப்பிடுவார்? அம்மா சின்ன ரைஸ் குக்கரை எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

மலைப்பாதை:

கோபித்துக்கொள்ளாதீர்கள், முதலில் அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். லிமா கடற்கரை ஊர். அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் விமானம் உங்களை 3,400 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஊட்டியே 2,240 மீட்டர்தான், குஸ்கோ ஏறக்குறைய லே அளவு உயரம். இறங்கியவுடன் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுவோம், இரவில்தான் தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் சேர்ந்து வரும். வயதானவர்களுக்குத்தான் வரும் என்றும் சொல்ல முடியாது, ஜிம்முக்குப் போகிற ஆட்கள் சுருண்டு படுத்திருக்க, பக்கத்தில் பாட்டிமார் ஜோராக நடப்பதையும் பார்க்கலாம்.

பலரும் கவனிக்காத விஷயம், மாச்சு பிச்சு குஸ்கோவை விட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே இருக்கிறது, 2,430 மீட்டர். அதன் அடிவாரத்து ஊர் ஆகுவாஸ் காலியெந்தெஸ் 2,040தான், ஊட்டியை விடத் தாழ்வு. ஆகவே குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காமல் நேராக வண்டி பிடித்து புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்கே ஒயன்டைட்டம்போ என்ற ஊரில் (2,790 மீட்டர்) இரண்டு இரவு தங்குங்கள், வண்டியில் இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் சின்ச்செரோ பக்கம் சாலை 3,700ஐத் தொட்டுவிட்டு இறங்கும், அது கொஞ்ச நேரம்தான், தூங்குகிற இடத்தின் உயரம்தான் முக்கியம். மாச்சு பிச்சுவுக்கு ரயிலும் அங்கிருந்துதான் வசதி. மாச்சு பிச்சுவை முடித்துவிட்டு, உடம்பு பழகிய பிறகு கடைசியாகக் குஸ்கோவில் இரண்டு நாள். மொத்தத்தில் ஒரு வாரமாவது வேண்டும், அது முடியாதென்றால் பெற்றோரை வேறு ஊருக்குக் கூட்டிப் போங்கள்.

வானவில் மலை 5,036 மீட்டர். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். குதிரையில் ஏறிப் போகலாம் என்பார்கள், குதிரை நடையை மிச்சப்படுத்தும், காற்றைக் கூட்டாது. மனைவிக்கு ஆசை என்றால் கடைசி நாளில் அவர் மட்டும் போகட்டும், விடிவதற்கு முன்பே வேன் கிளம்பிவிடும். மற்றவர்கள் மராஸ் உப்புப் பாத்திகளைப் பாருங்கள், மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கான வெள்ளைப் பாத்திகள், ஊற்று நீரைக் கட்டி இன்னமும் உப்பு எடுக்கிறார்கள். எனக்கு அதுதான் வானவில் மலையை விடப் பிடித்தது.

உயரத்தால் வரும் தொல்லைக்குக் கொடுக்கும் அசிட்டசோலமைடு என்ற மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அப்பா சாப்பிடும் பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகுமா, சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறதா என்பதெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும், இங்கே யாராவது அளவு சொன்னால் கேட்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஐ94ஆறுமுகம்:

விசா: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஏதாவது ஒரு விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு பெரு தனி விசா கேட்பதில்லை, 2017 முதல் இப்படித்தான். ஆனால் அந்த விசா பெருவில் நுழையும் நாளில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அப்பா அம்மாவுக்குப் பத்து வருட விசா, பிரச்சினை இல்லை. உங்கள் இருவர் விசாவைத்தான் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டாம்பிங்கின் தேதியைச் சொல்கிறேன், ஐ-797 காகிதத்தை (அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல் கடிதம்) அல்ல. கம்பெனி நீட்டித்துக் கொடுத்த 797ஐ விமான நிலையக் கவுண்டரில் நீட்டினால் அவர்கள் அதை விசாவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, இதில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கனடா, மெக்சிகோவுக்குச் சில நாள் போய்வந்தால் காலாவதியான ஸ்டாம்பிங்கோடும் திரும்ப நுழைய ஒரு விதி இருக்கிறது. அந்த நினைப்பில் பெரு போகாதீர்கள், அங்கே அது செல்லாது, ஸ்டாம்பிங் முடிந்திருந்தால் அமெரிக்கத் தூதரகத்தில் புது விசா வாங்கித்தான் டல்லாஸ் திரும்ப முடியும். டிக்கெட் போடும் முன் பெரு தூதரகத் தளத்திலும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

கறிவேப்பிலை:

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அந்த ரைஸ் குக்கர்! அமெரிக்காவில் வாங்கியதாக இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பெருவில் மின்சாரம் 220 வோல்ட். பிளக் என்னவோ அமெரிக்கத் தட்டை முள்ளும் பல இடத்தில் சரியாகப் போய் உட்காரும், அதுதான் ஆபத்து, 110 வோல்ட் குக்கர் புகைந்துவிடும். போன், லேப்டாப் சார்ஜரெல்லாம் இரண்டுக்கும் ஒத்துப்போகும். ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கர் என்றால் வோல்டேஜ் சரிதான், ஆனால் குஸ்கோ உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடுவதால் சாதாரணக் குக்கரில் சோறு நடுவில் நறுக்கென்று நிற்கும்.

சோற்றுக்குப் பஞ்சம் இல்லை, அந்த ஊரில் எதைக் கேட்டாலும் பக்கத்தில் ஒரு குவியல் வெள்ளைச் சோறு வரும். தொல்லை எங்கே என்றால், இறைச்சி வேண்டாம் என்றால் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், சூப் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்ததாகவே இருக்கும். அதனால் முழுசாகச் சொல்லுங்கள்: "நோ கோமெமோஸ் கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி வேவோ, சின் கால்தோ தே போயோ". இறைச்சி, கோழி, மீன், முட்டை எதுவும் சாப்பிடமாட்டோம், கோழி சூப் தண்ணீரும் வேண்டாம் என்று அர்த்தம். போனில் எழுதி வைத்து சமையற்காரரிடமே காட்டிவிடுங்கள்.

பெரிய பெரிய மணியாக வேகவைத்த சோளமும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் சந்தையில் கிடைக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும். பாப்பா அ லா வான்கைனா என்று வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாய்ச் சாஸ் ஊற்றித் தருவார்கள், மேலே முட்டைத் துண்டு வைப்பது வழக்கம், வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். சீன பாணிக் கடைகளுக்கு சிஃபா என்று பெயர், தெருவுக்குத் தெரு உண்டு, முட்டை போடாமல் காய்கறி மட்டும் போட்டு சோறு வறுக்கச் சொல்லலாம். தயிர் கேட்டால் இனிப்பாகத்தான் வரும், சூப்பர் மார்க்கெட்டில் "யோகூர் நதுரால்" தேடி வாங்குங்கள். பருப்புப் பொடி கொண்டுபோவதென்றால் கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக இருக்கட்டும். உயரத்தில் பாக்கெட்டெல்லாம் பலூன்போல உப்பிக்கொள்ளும், ஷாம்பு பாட்டிலை முகத்துக்கு நேரே திறக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது, பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீர்தான்.

டல்லாஸ்வாசி:

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தைக் கிழித்தாயிற்று. மனைவி என்னோடு பேசவில்லை, அது தனிக்கதை. ஸ்டாம்பிங் அடுத்த வருடம் அக்டோபர் வரை இருக்கிறது. மாச்சு பிச்சு டிக்கெட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏதோ சுற்று (உள்ளே நடக்கும் பாதை போல) போட்டிருக்கிறதே, எதை எடுப்பது? கொக்கா டீ குடித்தால் தலைவலி வராது என்கிறார்களே?

மலைப்பாதை:

இரண்டாம் சுற்று எடுங்கள். எல்லோரும் போடுகிற அந்தப் போட்டோவும் கிடைக்கும், நகரத்துக்குள்ளேயும் நடக்கலாம். டிக்கெட்டைக் கலாச்சார அமைச்சகத்தின் தளத்திலேயே வாங்குங்கள், ஜூனுக்கு இப்போதே பார்க்க வேண்டும். சுற்று, நேரம், பாஸ்போர்ட் எண் எல்லாம் டிக்கெட்டில் இருக்கும், பிறகு மாற்ற முடியாது. டிக்கெட் உறுதியான பிறகுதான் ரயில்.

வடசென்னைவாசி:

நான் இதை ஒத்துக்கொள்ளமாட்டேன். இரண்டாம் சுற்றில் ஆரம்பத்திலேயே ஏற்றம், கைப்பிடி இல்லாத கல் படிகள். 67 வயதுக்காரருக்கு மூன்றாம் சுற்றுதான் நிம்மதி, கீழ்ப்பகுதியிலேயே சுற்றி வரலாம், போட்டோ கொஞ்சம் தாழ்வாக வரும், வரட்டுமே. முடிந்தால் நீங்களும் மனைவியும் இரண்டு, பெற்றோர் மூன்று என்று பிரித்து எடுங்கள்.

எந்தச் சுற்றானாலும் உள்ளே கழிவறை கிடையாது, வாசலுக்கு வெளியேதான், சில்லறை கொடுத்துப் போக வேண்டும், வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் திரும்ப விடமாட்டார்கள். அப்பாவின் மாத்திரை சிறுநீர் போகவைக்கிற வகை என்றால் அன்று எப்போது சாப்பிடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஊன்றுகோல் என்றால் அடியில் ரப்பர் இருக்க வேண்டும். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். கொசுவை விடச் சின்னதாக ஒரு ஈ உண்டு, கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும், பையனுக்கு முழுக்கால் சட்டை போடுங்கள்.

கொக்கா டீ அங்கே சட்டப்படி சரிதான், ஹோட்டல் வரவேற்பறையிலேயே இலையும் வெந்நீரும் வைத்திருப்பார்கள். மருந்து என்று நம்பாதீர்கள், சூடாக ஏதோ குடித்த சுகம். கொக்கெய்ன் எடுப்பதே அந்த இலையிலிருந்துதான், அதனால் குடித்தால் அடுத்த சில நாள் போதைப்பொருள் பரிசோதனையில் காட்டிக்கொடுக்கும், வேலையில் அப்படிச் சோதனை உண்டென்றால் தொடாதீர்கள். டீ பாக்கெட்டை நினைவுப்பொருளாகக்கூட எடுத்து வராதீர்கள், அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கொக்கா இலை குற்றம்.

டாக்சிக்கு மீட்டர் கிடையாது, ஏறும் முன் தொகையைப் பேசிவிட வேண்டும், லிமாவில் ஆப் வண்டிதான் உத்தமம். வண்டிக்குள் ஜன்னலை ஒட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள், சிக்னலில் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். டாலர் நோட்டு ஓரத்தில் துளி கிழிந்திருந்தாலும் வாங்கமாட்டார்கள், வங்கியில் புது நோட்டாகக் கேளுங்கள். சந்தையில் நூறு சோல் (பெருவின் பணம்) நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது. ஹோட்டலில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 18% வரி இல்லை, பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள். குஸ்கோவில் ஜூன் பகல் வெயில் சுள்ளென்று இருக்கும், இரவில் உறைகிற குளிர், அறையில் ஹீட்டர் உண்டா என்று பதிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள்.

டல்லாஸ்வாசி:

பிரித்து எடுப்பது நல்ல யோசனை. ஒன்று விட்டுப்போனது, அப்பா அம்மா லிமாவிலிருந்தே மாட்ரிட் வழியாகச் சென்னை போய்விடலாமா என்று யோசிக்கிறார்கள், டல்லாஸ் திரும்பாமல்.

வடசென்னைவாசி:

அப்படியானால் மஞ்சள் காய்ச்சல் (யெல்லோ ஃபீவர்) தடுப்பூசி வேண்டும். பெரு இந்தியாவின் பட்டியலில் இருக்கிறது, அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சென்னையில் இறங்குகிறவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்கலாம். காட்டுப் பக்கமே போகவில்லை, குஸ்கோ மட்டும்தான் பார்த்தோம் என்று சொன்னாலும் எடுபடாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையிலிருந்து போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்வார்கள், நீங்கள் டல்லாஸில் பயண மருத்துவமனையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் பக்கவிளைவு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், டாக்டர் யோசித்துத்தான் போடுவார். டல்லாஸுக்கே திரும்பி வந்து, பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டுச் சென்னை போனால் இந்தத் தலைவலியே இல்லை.