டீஸ்கேலிங்: காரை நீக்கமா, உப்புப் படிவு நீக்கமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். வீட்டு எஸ்பிரெசோ காப்பி இயந்திரத்தின் பராமரிப்புத் தாளைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பாலக்காட்டின் இந்தக் கிழக்கு மூலையில் தமிழ் படிப்பவர்கள் மிகுதி, வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறியதும் சிதைந்து, கார்பனேட்டாக பாய்லரில் வெள்ளையாகப் படிகிறது. அதை அமிலத்தால் கரைத்தெடுப்பதுதான் டீஸ்கேலிங். வந்த வரைவில் 'செதில் நீக்கம்' என்றிருக்கிறது. செதில் மீனுக்குரியது, இங்கே நிற்காது. வேறு சொல் தாருங்கள்.

கோவையிலிருந்து:
'களிம்பு' இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? 'களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி' என்பது திருமந்திரம். உலோகத்தில் ஏறிய மாசை அறுப்பது என்ற பொருள் முழுமையாக வந்துவிடுகிறது. 'களிம்பறுப்பு' என்று வையுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:
ஐயா, அந்த உவமையின் உயிரே வேறு. களிம்பு செம்போடு உடன்பிறந்தது, சைவ சித்தாந்தம் சொல்லும் ஆணவமலம் என்ற மாசு உயிரோடு இருப்பதுபோல. பாய்லர் படிவோ வெளியிலிருந்து தண்ணீரோடு வருவது. உப்புக் குறைந்த சிறுவாணித் தண்ணீர் ஊற்றும் இயந்திரத்தில் இது அரிதாகத்தான் படியும். மேலும் இன்று களிம்பு என்றால் மருந்துக்கடைக் களிம்புதான் நினைவுக்கு வரும். என் பரிந்துரை 'காரை நீக்கம்'. சுவரில் பூசும் சுண்ணாம்புச் சாந்து காரை, பல்லில் இறுகுவது பற்காரை. பொருளும் சுண்ணாம்பே. இடையின ரகரம் போடுங்கள். வல்லின றகரம் போட்டால் பெரியாழ்வார் 'காறை பூணும்' என்ற கழுத்தணி ஆகிவிடும்.

திருத்தணியிலிருந்து:
'சுண்ணம் அகற்றல்' எளிது. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்.

கோவையிலிருந்து:
சுண்ணம் 'சூர்ண'த்தின் வழிவந்தது. தூய தமிழ் இருக்க அது வேண்டாம்.

வாளையாறிலிருந்து:
இயந்திரம் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சொல் எதுவானாலும் இரண்டு வேலைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். குழாய்க்குள் படியும் சுண்ணாம்பு அமிலத்தில் கரையும். காப்பி இறங்கும் தலைப்பகுதியான குரூப் ஹெட்டில் ஒட்டும் காப்பி எண்ணெய்க்குக் காரத்தூள், அதாவது காரத்தன்மையுள்ள கழுவும் தூள் வேண்டும். தண்ணீரைத் திருப்பித் தள்ளிக் கழுவும் அந்த வேலை பேக்ஃபிளஷ். காப்பித்தூள் கூடைக்குப் பதிலாக மாட்டும் ஓட்டையில்லாத கூடையில் அந்தத் தூளைப் போட்டு, பம்ப்பைப் பத்து நொடி ஓட்டி, பத்து நொடி நிறுத்தி, ஐந்து முறை செய்து, பிறகு வெறும் தண்ணீரில் அதேபோல். மூவழி வால்வு இல்லாத இயந்திரத்தில் இதைச் செய்யவே கூடாது, அழுத்தம் வெளியேற வழியில்லை.

'காரை நீக்க' என்று ஒரு வரி, அடுத்த வரியில் 'காரத்தூள்' என்று அச்சிட்டால் மக்கள் காரத்தூளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவார்கள். சுண்ணாம்பும் கரையாது, தூள் பாய்லருக்குள் போய்விடும். 'கறை' என்று படிப்பவரும் இருப்பார்.

தாளுக்கான முறை இது. தொட்டியிலுள்ள ஃபில்டரைக் கழற்றிவிட்டு, லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலத்தை வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும். கொதி சூட்டில் கால்சியம் சிட்ரேட் கரையாமல் வெண்பொடியாக இறங்கும். குரூப் வழியே ஒரு கோப்பை, நீராவிக் குழாய் வழியே ஒரு கோப்பை விட்டு, 20 நிமிடம் ஊறவைத்து, மீண்டும் விட வேண்டும். முடிவில் இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். அலசலில் சோம்பினால் பெயர்ந்த துணுக்கு மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வில் சிக்கித் தண்ணீர் சொட்டும், அல்லது அடைபடும். வினிகர் வேண்டாம், வாடை போகாது, ரப்பர் கேஸ்கட்டையும் கெடுக்கும். பாய்லருக்குப் பதிலாகத் தண்ணீரைச் சூடாக்கும் அலுமினியக் கட்டையான தெர்மோபிளாக்கை அமிலம் அரிக்கும், அதற்கு உற்பத்தியாளர் சொன்ன கரைசல் மட்டும். ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றினால் போதுமே என்பார்கள். அதில் மின்சாரம் சரியாகக் கடவாததால் சில பாய்லர்களில் மட்டம் அறியும் கம்பி தண்ணீரையே உணராது.

இங்கே யாரும் காரை என்பதில்லை. "ஹீட்டர்ல உப்புப் புடிச்சிருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். 'உப்புப் படிவு நீக்கம்' என்று போடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:
உப்பு என்றால் சமையல் உப்பு என்று படிப்பார்களே?

திருத்தணியிலிருந்து:
வேதியியலில் கால்சியம் கார்பனேட்டும் உப்புதான், ஐயா. உவர்நீரை 'உப்புத்தண்ணி' என்றும் குடிநீரை 'நல்லதண்ணி' என்றும் பிரித்த ஊர்களுக்கு இதில் மயக்கம் வராது. என் 'சுண்ண'த்தை விலக்கிக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
நாளை மாலை அச்சுக்கான கோப்பு போயாக வேண்டும். இங்கே எழுதாதவர்களையும் சேர்த்து இதுவரை நால்வர் 'உப்புப் படிவு நீக்கம்', இருவர் 'காரை நீக்கம்', ஒருவர் 'களிம்பறுப்பு'. முதலாவதை எடுத்துக்கொள்கிறேன், தலைப்பில் மட்டும் 'டீஸ்கேலிங்' உடன் இருக்கும். பேக்ஃபிளஷ் 'எண்ணெய்க் கழுவல்' ஆகிறது.

நாகர்கோவிலிலிருந்து:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. சிட்ரிக் அமிலத்தையே மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்கிறார்கள். உப்புப் படிவை நீக்க எலுமிச்சை உப்பு என்று தாளில் வந்தால் எது படிவு, எது மருந்து? அந்த இடத்தில் மட்டுமாவது 'சிட்ரிக் அமிலம்' என்றே அச்சிடுங்கள். காரத்தூளுக்கு வேறு பெயர் கிடைத்தால் காரையை மறுபடி கொண்டுவருவேன்.