எண்ணெய் ஊற்றிச் செய்த பை க்ரஸ்ட் (pie crust, பழம் நிரப்பிச் சுடும் பலகாரத்தின் மாவு ஓடு) உதிர்கிறது, எங்கே தப்பு?

மாவுக்கை:
வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் என்றால் வேலை சுலபம் என்று கேள்விப்பட்டு நேற்று இறங்கினேன். பழைய செய்முறையில் வெண்ணெய் 150 கிராம் என்றிருந்த இடத்தில் சன்ஃபிளவர் எண்ணெய் 150 கிராம். பிசைந்து, எப்போதும் போல ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால், மாவைச் சுற்றி எண்ணெய் கசிந்து கிண்ணத்தில் தேங்கி நிற்கிறது. தேய்க்கும்போது ஓரமெல்லாம் வறண்ட குளத்து மண் மாதிரி வெடித்து, தட்டுக்குத் தூக்கினால் மூன்று துண்டு. எப்படியோ ஒட்டுப்போட்டு ஆப்பிள் நிரப்பிச் சுட்டேன், அடிப்பக்கம் வேகவே இல்லை. வீட்டில் ஒருவருக்குப் பால், வெண்ணெய் எதுவும் ஆகாது, அதனால் இதை விட்டுவிட மனசில்லை. யாராவது சொல்லுங்களேன்.

அடுப்படி:
முதல் தப்பு அளவில். வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. 150 கிராம் வெண்ணெய்க்கு 120 கிராம் எண்ணெய் தாராளம். இரண்டாவது ஃபிரிட்ஜ். வெண்ணெய் உருகாமல் இருக்கத்தான் குளிர வைக்கிறோம், இந்த எண்ணெய் அங்கே உறையப் போவதில்லை, சும்மா இருக்கும் நேரமெல்லாம் மாவை விட்டுப் பிரிந்துதான் வரும். கலந்த கையோடு தேய்த்துவிட வேண்டும்.

9 அங்குலத் தட்டுக்கு, அடி மட்டும் என்றால், நான் எடுப்பது ஒன்றரை கப் மைதா, அரை டீஸ்பூன் உப்பு, கால் கப்பைவிடக் கொஞ்சம் கூட, அதாவது 80 மில்லி எண்ணெய், 3 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர். எண்ணெயையும் தண்ணீரையும் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி மூடிக் குலுக்குங்கள், வெளுத்துக் கலங்கியதும் பிரிவதற்குள் மாவில் கொட்டி முள்கரண்டியால் கிளறுங்கள். பிசையவே வேண்டாம், கையால் சேர்த்துப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள், மேல் பேப்பரை உரித்து, அடிப் பேப்பரோடு தூக்கித் தட்டில் கவிழ்த்தால் கிழியாது. கிழிந்தாலும் கவலை இல்லை, விரலால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

ஓரமடிப்பு:
அடுப்படி சொன்னது அத்தனையும் சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெண்ணெய் க்ரஸ்ட் மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே வெண்ணெய்த் துணுக்குகள் மாவுக்குள் தனித்தனியாக இருந்து, சூட்டில் உருகி இடைவெளி விடும், அவற்றிலுள்ள தண்ணீர் ஆவியாகி அடுக்கைத் தூக்கும். எண்ணெய் அப்படி நிற்காமல் மாவு முழுக்கப் பூசிக்கொள்கிறது, அதனால் பிஸ்கட் போலப் பொலபொலவென்று வரும். எனக்கு அந்தப் பதமே பிடிக்கும். மேல்மூடிக்கு மட்டும் இந்த மாவு தோதுப்படாது என்பது என் அனுபவம், தூக்கும்போது தொங்கி அறுந்துவிடுகிறது. மேலே மைதா, சர்க்கரை, எண்ணெய் பிசிறித் தூவிவிடுங்கள்.

சுடுதட்டு:
அடி வேகாததற்கு என் வழி: ஓவனை 200 டிகிரி சூடாக்கும்போதே ஒரு கனமான தட்டையும் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். பை தட்டை அதன் மேல் வைத்தால் அடியிலிருந்து உடனே சூடு ஏறும். ஆப்பிளில் சர்க்கரை போட்டதும் தண்ணீர் விடும், அதை வடித்துத் தனியே சுண்டக் காய்ச்சிக் கலந்தால் க்ரஸ்ட் நனையாது.

மாவுக்கை:
இன்று செய்து பார்த்தேன். பேப்பரை உரித்தபோது ஒரு பக்கம் கிழிந்தது, விரலால் அழுத்தினேன், வெந்த பிறகு அந்த இடம் எது என்றே தெரியவில்லை. வெட்டிய துண்டு தட்டிலிருந்து முழுசாக எழுந்து வந்தது, அடி நல்ல பொன்னிறம். மைதாவில் பாதிக்குக் கோதுமை மாவு சேர்த்தால் தண்ணீர் கூடுதலாக வேண்டுமா?

அடுப்படி:
வேண்டும். முதலில் ஒரு டேபிள்ஸ்பூன் மட்டும் கூட்டிப் பாருங்கள், கையில் பிடித்து உருண்டை நின்றால் அதோடு நிறுத்திவிடுங்கள்.