வீட்டில் கலந்த டிஷ்வாஷர் பொடி: கண்ணாடி தம்ளரில் வெள்ளைப் படலம், யாராவது உதவுங்கள்

கேள்வி (வேளச்சேரி):
எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். கடைப் பொடி விலை கட்டுபடியாகாமல் 2 மாதமாக நானே கலந்து போடுகிறேன். வாஷிங் சோடா 1 கப், ஆப்ப சோடா 1 கப், சிட்ரிக் ஆசிட் அரை கப், தூள் உப்பு அரை கப். முதல் வாரம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. இப்போது தம்ளரை விரலால் தேய்த்தால் கோலமாவு மாதிரி கையில் ஒட்டுகிறது. எவர்சில்வர் தட்டிலும் திட்டுத் திட்டாக வெள்ளை. காய்ந்த சாதம் அப்படியே நிற்கிறது. டப்பாவில் உள்ள பொடியோ கல்லாக இறுகிவிட்டது. அளவைக் கூட்டிப் போடலாமா?

பதில் (கோவை):
கூட்டாதீர்கள், படலம் இன்னும் தடிக்கும். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் வாஷிங் சோடாவோடு சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். சுண்ணாம்புக்கல் எதனால் ஆனதோ அதேதான் உங்கள் தம்ளரில் படிகிறது. சிட்ரிக் ஆசிடும் சோடாவும் ஒரே டப்பாவில் இருந்தால் காற்றின் ஈரத்திலேயே வினைபுரிந்து இரண்டும் வீணாகும், பொடியும் கட்டிதட்டும். சாதத்தின் மாவுச்சத்தைச் சிதைக்கக் கடைப் பொடிகளில் நொதி சேர்ப்பார்கள். நம் கலவையில் அது கிடையாது.

ஒரு தம்ளரில் மட்டும் வினிகரைத் தடவி 5 நிமிடம் கழித்துக் கழுவிப் பாருங்கள். படலம் போனால் சுண்ணாம்பு. போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை. அப்புறம், மெஷினின் அடியில் உப்பு போடும் அறை இருக்குமே, அதைக் கடைசியாக எப்போது நிரப்பினீர்கள்?

கேட்டவர்:
பொடியிலேயே உப்பு கலக்கிறேனே சார், தனியாகவும் போட வேண்டுமா?

பதில் (கோவை):
கட்டாயம் வேண்டும். தண்ணீரை மென்மையாக்கும் பிசின் மணிகளில் கால்சியம் நிறைந்துபோகும். அதைக் கழுவித் தள்ளத்தான் அந்த அறையின் உப்பு. பொடியில் கலந்த உப்பு அந்த மணிகளிடம் போகவே போகாது. சமையல் தூள் உப்பும் வேண்டாம், டிஷ்வாஷர் உப்பு என்றே கேட்டு வாங்குங்கள். மெஷினை ஓட்டுவதற்குச் சற்று முன்பு நிரப்புங்கள். சிந்திய உப்பு உள்ளே தேங்கினால் எவர்சில்வரே துருப்பிடிக்கும்.

பதில் (தாம்பரம்):
அக்கா, அவசரத்துக்குக்கூடப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஊற்றிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நுரை கதவு வழியாக வழிந்து சமையலறைத் தரை முழுக்க வந்துவிட்டது. பிளீச்சிங் பவுடரை வினிகரோடோ சிட்ரிக் ஆசிடோடோ சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம்.

கேட்டவர் (6 நாள் கழித்து):
உப்பு அறை காலியாகத்தான் இருந்தது சார். நிரப்பிவிட்டு, பாத்திரம் எதுவும் வைக்காமல் சிட்ரிக் ஆசிட் மட்டும் 3 டேபிள்ஸ்பூன் போட்டு வெந்நீரில் ஒருமுறை ஓட்டினேன். உள்சுவரில் இருந்த வெள்ளை போய்விட்டது. இப்போது கடைப் பொடிக்கே திரும்பிவிட்டேன், சாதப் பாத்திரத்தை மட்டும் முன்கூட்டியே ஊறவைக்கிறேன். 6 தம்ளரில் 4 தெளிந்துவிட்டன. மற்ற இரண்டும் வினிகருக்கும் அசையவில்லை, பேனா வைக்க எடுத்துக்கொண்டேன். இருவருக்கும் மிக்க நன்றி.