புதுப்பிப்பு: அறையில் குமுறிய பேஸ் (தாழ்ந்த ஒலி) அடங்கியது

என் டவர் ஸ்பீக்கர்களில் பேஸ் கிதார் ஒலிக்கும்போதெல்லாம் அறையே குமுறுகிறது, ஆம்ப்ளிஃபயரை மாற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

4 மீட்டர் நீளமுள்ள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸில் நிலை அலை (சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி தன்னோடு சேர்ந்து, சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் அடங்கியும் நிற்பது) உருவாகிறது. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், ஒலியழுத்தம் உச்சமாக இருக்கும் பின்சுவரை ஒட்டிய சோபாவில் அந்தக் குமுறல் மிகுந்து கேட்டது. சோபாவை ஒன்றரை மீட்டர் முன்னால் இழுத்து, ஸ்பீக்கர்களையும் சுவரைவிட்டுச் சற்றே தள்ளி வைத்ததும், தந்தியில் விரல் வழுக்கும் மெல்லிய உரசல்கூடத் தனித்துக் கேட்கிறது. இந்தத் தெளிவுக்காகத்தானே இவ்வளவு பாடும்!

சுவரில் ஃபோம் ஒட்டச் சொன்ன நண்பர்களுக்கு: அது கைதட்டினால் எழும் எதிரொலியைக் குறைக்கும், 8 மீட்டர் அலைநீளமுள்ள தாழ்ந்த ஒலியை மெல்லிய ஃபோம் தடுக்காது. அடுத்து, மூலைகளில் தடித்த ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பேஸ் ட்ராப், அதாவது தாழ்ந்த ஒலியை உறிஞ்சும் தடுப்பு, வைத்துப் பார்க்கவிருக்கிறேன்.